பெருவடிவ வண்ண ஒளிப்படமும் தமிழ்ப் பார்வை மரபும்: கலைக்கூடச் சுவரும் எடப்பாடித் தெருவும்

ஆய்வுச்சுருக்கம்

1970களின் இறுதி தொடங்கி மேலைநாட்டுக் கலைக்கூடங்களில் சுவரளவு வண்ண ஒளிப்படங்கள் இடம்பெறலாயின. கையில் ஏந்திப் பார்க்கும் பொருளாக இருந்த ஒளிப்படம் ஓவியத்துக்குரிய இடத்தை அடைந்த நிகழ்வாக இதனைக் கலை வரலாற்றாளர் கருதுவர். தமிழகத்தில் பெருவடிவ வண்ண உருவம் திரை, பதாகை, கட்-அவுட், ஃபிளெக்ஸ் என்னும் வழிகளில் தெருவிலேயே முதலில் நிலைபெற்றது. எனவே இங்குக் கலைக்கூடத்தில் இத்தகைய படம் ஏற்படுத்தும் தாக்கத்தை அளவின் புதுமையைக் கொண்டு விளக்க இயலாது. பார்க்கும் தூரம், படத்திலுள்ளவரின் பெயர், உழைப்பின் காட்சி ஆகியவற்றில் நேரும் மாற்றமே அத்தாக்கத்தின் அடிப்படை என்பதைச் சேலம் வட்டாரச் சான்றுகளின் துணையோடு இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஒளிப்படம், வண்ணம், கலைக்கூடம், பதாகை, ஃபிளெக்ஸ், சேலம், எடப்பாடி, ஆவணக்காப்பு.

முன்னுரை

எடப்பாடி சேலம் மாவட்டத்தின் மேற்கில் அமைந்த நெசவு நகரம். கைத்தறியும் விசைத்தறியும் அவ்வூரின் வாழ்வாதாரங்கள். ஒளிப்படத்துக்கென்று அமைந்த கலைக்கூடம் எதுவும் இத்தகைய ஊர்களில் இல்லை. ஒளிப்படக் கண்காட்சிகள் முறையாக நடைபெறும் சென்னை 300 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. ஆயினும் இவ்வூரைச் சேர்ந்த ஒருவர் ஆளுயரத்தைவிடப் பெரிதான வண்ண முகங்களைத் தம் வாழ்நாளில் பல்லாயிரம் முறை கண்டிருப்பார். பேருந்து நிலையம், திருமண மண்டப வாயில், கோயில் திருவிழாப் பந்தல், திரையரங்க முகப்பு என எங்கும் அவை நிற்கின்றன. அவர் முதன்முறையாக ஒரு கலைக்கூடத்துக்குள் நுழைந்து, இரண்டு மீட்டர் உயரமுள்ள வண்ண ஒளிப்படத்தின் முன் நிற்கும்போது எது அவருக்குப் புதிதாக இருக்கும் என்னும் வினாவே இவ்வாய்வின் தொடக்கம். மேலைநாட்டுக் கலை வரலாற்று நூல்கள் தரும் விடை அவருக்குப் பொருந்துவதாக இல்லை.

சேலம் மாவட்டமும் முதல் ஒளிப்படங்களும்

சேலம் மாவட்டம் ஒளிப்படத்துக்குள் வந்தது மிக முற்பட்ட காலத்தில் ஆகும். சென்னை மாகாண அரசின் ஒளிப்படக் கலைஞராகப் பணியாற்றிய லின்னியஸ் டிரைப், 1857இன் இறுதியில் பெங்களூரிலிருந்து தெற்கு நோக்கிப் பயணம் மேற்கொண்டார். அப்பயணத்தின் விளைவாக 1858இல் வெளிவந்த தொகுதிகளுள் ஒன்று, இராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் பொருளாகக் கொண்டது. மதுரை, திருவரங்கம், புதுக்கோட்டை, தஞ்சாவூர் ஆகியவற்றுக்கு இணையாகச் சேலத்தின் பாறைக் குன்றுகளும் கோட்டைகளும் தனித் தொகுதியாயின.

டிரைப்பின் காலத்தில் படத்தை உருப்பெருக்கி அச்சிடும் வழக்கம் இல்லை. எதிர்மறைத் தாளை ஒளியுணர் தாளின் மீது நேரே பொருத்தி வெயிலில் அச்சிடுவர். ஆகவே படத்தின் அளவு கருவியின் அளவைத் தாண்டாது. பெரிய படம் வேண்டுமெனில் பெரிய கருவி வேண்டும். இல்லையேல் பல படங்களை ஒட்டவேண்டும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை அவர் 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். தமிழகத்தில் எடுக்கப்பட்ட பெருவடிவ ஒளிப்படங்களுள் முற்பட்டது இது. இதன் நோக்கம் வியப்பூட்டல் அன்று. கல்லில் உள்ள எழுத்தை அறிஞர் தம் மேசையில் படிக்க வேண்டும் என்பதே நோக்கம். அருகில் சென்று உற்றுப் பார்க்கும்தோறும் மேலும் தெரியவேண்டும் என்னும் அத்தேவையே படத்தின் நீளத்தை முடிவு செய்தது. பின்னர் வந்த கலைக்கூடப் படங்களோடு இதற்கு உள்ள உறவு கீழே விளக்கப்படும். டிரைப்பின் பணியிடத்தைச் செலவு மிகுதி கருதி ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் நீக்கிவிட்டார். அரசின் சிக்கனத்துக்கு இரையான முதல் தமிழக ஆவணத் திட்டம் இதுவாகலாம்.

இப்படங்களில் நிறம் இல்லை; பழுப்பின் சாயல்களே உண்டு. நிறத்தைச் சேர்த்தவர் தூரிகைக்காரர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து தமிழக ஒளிப்பட நிலையங்கள் உருவப்படங்களைப் பெரிதாக்கி, நெய்வண்ணமோ நீர்வண்ணமோ பூசித் தந்தன. பட்டுக்கரையும் நகையும் கன்னச் சிவப்பும் கையால் தீட்டப்பட்டன. வீட்டின் நிலைக்கு மேலே, பார்ப்பவரை நோக்கிச் சற்றே குனிந்த நிலையில் இப்படங்கள் மாட்டப்பட்டன. பெரும்பாலும் அவை மறைந்தோரின் படங்கள். பெரிய படம் மேலிருந்து நோக்கும், பார்ப்பவர் கீழிருந்து நோக்குவார் என்னும் உடல்நிலை இங்கேயே தொடங்கிவிடுகிறது.

திரையும் பதாகையும்

வண்ணமும் பேரளவும் ஒருங்கே தமிழ் மக்களை வந்தடைந்த இடம் திரைப்படம். அதிலும் சேலத்துக்குத் தனியிடம் உண்டு. டி. ஆர். சுந்தரம் சேலத்தில் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸ், 1956இல் வெளியிட்ட ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். கேவாகலர் முறையில் உருவான அப்படத்தில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தனர். மலையாளத்தின் முதல் முழுநீள வண்ணப்படமான ‘கண்டம் பெச்ச கோட்டு’ம் 1961இல் இதே நிறுவனத்திலிருந்து வெளிவந்தது. நியூயார்க்கின் நவீனக் கலைக்கூடம் எர்ன்ஸ்ட் ஹாஸ் என்பவரின் வண்ண ஒளிப்படங்களைத் தனிக்கண்காட்சியாக வைத்தது 1962இல்தான். காட்சிப்பொருளாக வண்ணம் மதிக்கப்பட்ட வரலாற்றை ஒரே கடிகாரத்தைக் கொண்டு அளக்கவியலாது என்பதற்கு இவ்வாண்டுகள் போதுமான சான்று.

திரையரங்கின் உள்ளே இருந்த வண்ணத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள் பதாகை ஓவியர்கள். தமிழகப் பதாகைகளையும் கட்-அவுட்களையும் விரிவாக ஆராய்ந்த பிரேமிந்தா ஜேக்கப்பின் நூல் 2009இல் வெளிவந்தது. ஓவியர் பயன்படுத்திய மூலம் பெரும்பாலும் கையகல ஒளிப்படமே. அதுவும் பலவேளைகளில் கறுப்பு வெள்ளைப் படம். அதன்மீது கட்டம் கிழித்து, அதே கட்டங்களைத் துணியில் பெரிதாக வரைந்து, ஒவ்வொரு கட்டமாக நிரப்பினர். ஒளிப்படத்துக்குப் பேரளவைத் தந்ததும் நிறத்தைத் தந்ததும் ஒரே கை. முகத்தின் ஒரு பாதியில் இளஞ்சிவப்பும் மறுபாதியில் நீலமும் ஓடும் அவ்வண்ணமுறையைத் தூரத்தில் செல்லும் பேருந்துப் பயணிகூட ஒரு கணத்தில் இனங்காண வேண்டும் என்பதே கணக்கு. சென்னை அண்ணாசாலையில் நின்ற திரைப்படக் கட்-அவுட்களும், அரசியல் மாநாடுகளையொட்டி எழுந்த தலைவர் உருவங்களும் இம்மரபின் உச்சங்கள். பேரளவு என்பது தலைவருக்கும் நடிகருக்கும் தெய்வத்துக்கும் உரியது என்னும் எழுதப்படாத விதி இவற்றால் உறுதிப்பட்டது.

மேலைநாட்டுக் கலைக்கூடத்தில் நிகழ்ந்தது

மேலைநாட்டில் நிலை வேறாக இருந்தது. கலை ஒளிப்படம் என்றால் கறுப்பு வெள்ளை. வண்ணம் விளம்பரத்துக்கும் குடும்ப ஆல்பத்துக்கும் உரியது என்னும் எண்ணம் அங்கு வேரூன்றியிருந்தது. 1976இல் நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் ஜான் ஷார்கோவ்ஸ்கி ஏற்பாடு செய்த வில்லியம் எகில்ஸ்டனின் 75 வண்ணப்படங்களின் கண்காட்சி கடும் கண்டனத்தைச் சந்தித்தது. அப்படங்கள் அளவில் சிறியவை. அன்றைய சர்ச்சை முழுவதும் நிறத்தையும், அதில் பதிவான அன்றாடப் பொருள்களின் எளிமையையும் பற்றியது.

அளவு சார்ந்த மாற்றம் அதையடுத்து வந்தது. கனடாவின் வான்கூவர் நகரைச் சேர்ந்த ஜெஃப் வால், 1977இல் ஸ்பெயினில் பிராடோ அருங்காட்சியகத்தின் ஓவியங்களையும், பேருந்து நிறுத்தங்களில் பின்னொளியுடன் மிளிர்ந்த விளம்பரப் பலகைகளையும் ஒரே பயணத்தில் கண்டார். அடுத்த ஆண்டு, பின்னொளிப் பெட்டியில் அமைத்த பெருவடிவ வண்ணப்படமாகிய ‘அழிக்கப்பட்ட அறை’யை ஒரு கலைக்கூடத்தின் தெருவை நோக்கிய சாளரத்தில் வைத்தார். மேலைநாட்டிலும் இப்படவடிவத்தின் பிறப்பில் தெருவிளம்பரத்துக்குப் பங்குண்டு என்பதை இது காட்டும். பின்வந்த திறனாய்வு பிராடோவை நினைவில் வைத்து, பேருந்து நிறுத்தத்தை ஓரளவு மறந்துவிட்டது.

ஜெர்மனியின் டுசல்டார்ஃப் நகரில் பெர்ன்ட் பெக்கரிடம் பயின்றோர் இதனை மேலும் வளர்த்தனர். தாமஸ் ரூஃப் தம் நண்பர்களின் முகங்களைக் கடவுச்சீட்டுப் படம்போல உணர்ச்சியின்றி எடுத்து, 1986 முதல் 210க்கு 165 செ.மீ. அளவில் அச்சிட்டார். ஆந்த்ரியாஸ் குர்ஸ்கியின் ‘ரைன் 2’ (1999) மூன்றரை மீட்டருக்கும் மேற்பட்ட அகலம் உடையது. 2011இல் 43 இலட்சம் டாலருக்கும் மேல் ஏலம்போனது. அச்சுப்படியை அக்ரிலிக் தகட்டோடு குமிழின்றி ஒட்டும் டயாசெக் முறை இவ்வளவைச் சாத்தியமாக்கியது. கண்ணாடிச் சட்டகமும் வெள்ளை விளிம்பும் மறைந்து, நிறம் நேரே சுவரிலிருந்து வெளிப்படுவதுபோன்ற தோற்றம் உண்டாயிற்று. ஓவியத்தைப்போல ஒளிப்படம் புத்தகத்தில் அதிகம் இழப்பதில்லை என்று சூசன் சொன்டாக் 1977இல் கருதியிருந்தார். ரூஃபின் ஒரு முகத்தைப் புத்தகப் பக்கத்தில் பார்ப்பவருக்கு அது வெறும் கடவுச்சீட்டுப் படமே. சுவரில் அதன் தோல்துளையும் இமைமயிரும் வேறொரு பொருளாகின்றன. சுவருக்கென்றே ஆக்கப்பட்டு, பார்ப்பவரை எதிர்கொள்ளும் படம் என்னும் கருத்தை ழான்-பிரான்சுவா ஷெவ்ரியே 1989இலும் மைக்கேல் ஃபிரைடு 2008இலும் விரிவாக வாதிட்டனர்.

இவ்விளக்கத்தின் மையத்தில் உள்ள பார்வையாளர், பெரிய வண்ணமுகத்தைக் கலைக்கூடத்தில் கண்டு திகைப்பவர். எடப்பாடிப் பார்வையாளர் அவ்வாறு திகைக்க வேண்டிய தேவை இல்லை.

தூரமும் புள்ளியும்

அவருக்கு நேரும் முதல் மாற்றம் தூரம் சார்ந்தது. இதனை எளிய கணக்கால் விளக்கலாம். இயல்பான கண் ஏறத்தாழ ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்தறியும். ஒரு மீட்டர் தொலைவில் இது 0.3 மில்லிமீட்டருக்குச் சமம். 30 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். சாலையோரப் பதாகை முப்பது மீட்டருக்கு அப்பாலிருந்து பார்க்கப்படுவது. ஆதலால் அதில் மில்லிமீட்டர்க் கணக்கிலான நுணுக்கம் வீண். அச்சகங்கள் இதனை நன்கறியும். கைப்பேசியில் எடுத்த, வாட்ஸாப்பில் வந்த சிறு படத்தைக்கூட இருபதடிப் பதாகையாக்கித் தர அவற்றால் முடிகிறது. அருகில் சென்றால் முகம் புள்ளிகளாகச் சிதறும். யாரும் அருகில் செல்வதில்லை.

கலைக்கூடப் படம் இதற்கு நேர்மாறான ஒப்பந்தத்தைப் பார்வையாளரிடம் செய்கிறது. பெரிய தகட்டுக் கருவியில் பதிவான படத்தைத் தூரத்தில் நின்று ஒருமுறையும், கையெட்டும் தொலைவில் நின்று பலமுறையும் பார்க்கலாம். பதாகை அருகில் மறையும். இது அருகில் திறக்கும். டிரைப்பின் தஞ்சைக் கல்வெட்டுப் படத்தை இயக்கிய அதே தேவை இங்கு மீள்கிறது. கலைக்கூடத்தில் பார்வையாளர் முன்னும் பின்னும் நடப்பதும், படத்தின் ஒரு மூலையில் மட்டும் நெடுநேரம் நிற்பதும் இதனால் விளைபவை. படம் கண்மட்டத்தில் மாட்டப்படுவதால், அண்ணாந்து பார்க்கும் பழக்கமும் கலைகிறது. தலைவரையும் மறைந்த தாத்தாவையும் கீழிருந்து நோக்கிய கழுத்து, முன்பின் அறியாத ஒருவரை நேருக்குநேர் நோக்குகிறது. இத்தாக்கத்தை உளவியல் சொற்களால் பெருக்கிக்கூற வேண்டியதில்லை. இது முதலில் உடலின் நிலைமாற்றம்.

ஃபிளெக்ஸின் வருகை

2000க்குப் பின் கரைப்பான் மையைப் பீய்ச்சும் அச்சு இயந்திரங்களும் பி.வி.சி. விரிப்பும் தமிழக ஊர்களில் பரவின. பதாகை ஓவியரின் பல நாள் உழைப்பை ஓரிரு மணி நேரத்தில் முடிக்கும் இம்முறை அத்தொழிலை ஏறக்குறைய ஒழித்துவிட்டது. ஓவியருள் சிலர் கணினி வடிவமைப்புக்கு மாறினர். பலர் சுவரெழுத்துக்கும் வீட்டு வண்ணப்பூச்சுக்கும் சென்றனர். இவ்விழப்பு குறித்துப் பலர் எழுதியுள்ளனர். அதன் மறுபக்கத்தில் நிகழ்ந்தது அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை.

ஓவியர் தீட்டிய கட்-அவுட் செலவு மிகுந்தது. கட்சியோ திரைப்பட விநியோகஸ்தரோதான் அதைத் தாங்க முடியும். ஃபிளெக்ஸின் விலை வீழ்ந்தவுடன் பேரளவு என்னும் தகுதி குடும்பங்களுக்கும் கிட்டியது. காதணி விழா, மஞ்சள் நீராட்டு, புதுமனை புகுவிழா, திருமணம், கண்ணீர் அஞ்சலி ஆகியவற்றுக்கு ஒரு விசைத்தறித் தொழிலாளியின் வீட்டாரும் பத்தடிப் பதாகை வைக்க இயன்றது. அதில் சிறுமியின் முகம் நடுவில். சுற்றிலும் தாய்மாமன், சித்தப்பா, நண்பர் குழாம் என வட்டவட்டமாக முகங்கள். ஒவ்வொரு முகத்தின் கீழும் பெயர். எளிய மனிதரின் முகத்துக்குச் சுவரளவைத் தந்தது கலை ஒளிப்படமே என்று கண்காட்சிக் குறிப்புகளில் அவ்வப்போது எழுதப்படுவதுண்டு. தமிழகத்தைப் பொறுத்தவரை அக்கூற்று தவறு. ஃபிளெக்ஸ் அதனை முன்னரே செய்துவிட்டது. கேட்டவர் எவருக்கும் செய்தது.

இதன் கொடுமையும் சிறிதன்று. உயிருடன் இருப்போரின் படங்களைப் பதாகைகளில் இடம்பெறச் செய்வதற்குச் சென்னை உயர்நீதிமன்றம் 2017 அக்டோபரில் தடை விதித்தது; அவ்வாணை நெடுங்காலம் நிலைக்கவில்லை. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணை அருகே சாலையின் நடுவே வைக்கப்பட்ட பதாகை சரிந்ததில், இருசக்கர வாகனத்தில் சென்ற இளம்பெண் ஒருவர் கீழே விழுந்து, பின்னால் வந்த லாரி மோதி உயிரிழந்தார். பெரிய படம் என்றாலே பொதுவெளியை ஆக்கிரமிப்பது என்னும் எரிச்சலும் தமிழ்ப் பார்வையாளரின் மனத்தில் சேர்ந்துவிட்டது. கலைக்கூடத்துக்குள் அவர் கொண்டுசெல்லும் முன்னறிவில் இவ்வெரிச்சலையும் கணக்கிட வேண்டும்.

ஃபிளெக்ஸ் ஒன்றை மட்டும் காட்டுவதில்லை. அது உழைப்பு. தறிக்குழியில் அமர்ந்திருக்கும் நெசவாளரோ, பஞ்சுத்தூசு படிந்த விசைத்தறிக் கொட்டகையில் குழல்விளக்கின் கீழ் நிற்பவரோ தம் பதாகையில் அவ்வாறு தோன்ற விரும்புவதில்லை. பட்டும் நகையும் ஒப்பனையும் வேண்டும். பின்னணியில் அருவியோ மாளிகையோ வேண்டும். இதனைப் போலித்தனம் என்று ஒதுக்குவது எளிது. ஒருவர் தம்மைப் பெரிதாகக் காட்டும் உரிமை கிடைத்தபோது தம் வேலைநாளைக் காட்டாமல் விழாநாளைக் காட்டத் தேர்ந்தார் என்பதில் ஒரு தெளிவான சமூகத் தீர்ப்பு உள்ளது. எடப்பாடிப் பருவதராசகுல மக்கள் தைப்பூசத்தையொட்டிக் காவடியுடன் பழநிக்கு நடந்து, மலைமீது இரவு தங்கிப் பெருமளவில் பஞ்சாமிர்தம் செய்யும் மரபு ஆண்டுதோறும் நாளிதழ்ப் படமாகிறது. அதே ஊரின் தறிக்கொட்டகைக்கு அத்தகைய ஆண்டுப் படம் இல்லை.

இந்தியக் கலைக்கூடங்களின் விடைகள்

உழைப்பைப் பெருவடிவ வண்ணத்தில் காட்டுவது கலைக்கூட ஒளிப்படத்தின் முதன்மைப் பொருள்களுள் ஒன்று. குர்ஸ்கி 2004இல் வியட்நாமின் ந்ஹா திராங் நகரில் எடுத்த படத்தில், பிரம்பு முடையும் பெண்கள் நூற்றுக்கணக்கில் தரையெங்கும் பரவியுள்ளனர். உயரத்திலிருந்து நோக்கும் அப்பார்வையில் ஒவ்வொருவரும் தெளிவு. எவரும் முதன்மை இல்லை. எடப்பாடிப் பார்வையாளர் இப்படத்தின் முன் நின்றால், கலை வரலாற்றாளர் காணும் ஒழுங்கமைப்பைக் காண்பதற்கு முன் வேலையின் முறையைக் காண்பார்: யார் எந்தக் கையால் பிடிக்கிறார், எங்கே காற்றோட்டம் இல்லை என்பன அவர் கண்ணில் படும். அருகில் திறக்கும் படம் இத்தகைய பார்வைக்கு இடந்தருகிறது. இது அதன் வலிமை. படத்திலுள்ள பெண்களுள் ஒருவருக்கும் பெயர் இல்லை என்பதும் அதே பார்வையாளரை உறுத்தும்.

இந்திய ஒளிப்படக் கலைஞர்கள் இச்சிக்கலை வெவ்வேறு வகையில் எதிர்கொண்டனர். ரகுபீர் சிங் (1942–1999) நிறத்தின் தரப்பில் வாதிட்டார். கறுப்பு வெள்ளையின் துயரம் மேலைநாட்டு வரலாற்றுக்குரியது, இந்தியப் பார்வை இயல்பிலேயே நிறத்தோடு கூடியது என்பது 1998இல் வெளிவந்த ‘நிறங்களின் ஆறு’ தொகுப்பில் அவர் முன்வைத்த கருத்து. தமிழ்நாட்டையே தலைப்பாகக் கொண்ட ஒளிப்பட நூலும் அவருக்கு உண்டு. நிறத்தை இந்தியத் தன்மையாக்கும் அவ்வாதம் கவர்ச்சியானது. டிரைப் முதல் தமிழகம் கண்ட நூறாண்டுக் கறுப்பு வெள்ளை மரபை அது எளிதில் கடந்துவிடுகிறது என்பதையும் கூறவேண்டும்.

பெங்களூருவின் புஷ்பமாலா ந., கிளேர் ஆர்னி இருவரும் 2000 முதல் 2004 வரை உருவாக்கிய ‘தென்னிந்தியச் சுதேசிப் பெண்கள்: நடையுடை பாவனைகள்’ என்னும் தொடர் தமிழ் ஆய்வாளருக்கு மிகவும் நெருக்கமானது. ரவிவர்மாவின் ஓவியப் பெண், வேளாங்கண்ணி மாதா, மானிடவியலார் அளவெடுத்த தோடர் இனப்பெண், திரைப்பட நாயகி, நாளிதழில் வந்த குற்றவாளிப் பெண் எனப் பொதுமனத்தில் பதிந்த படங்களைப் புஷ்பமாலா தம் உடலாலேயே மீண்டும் நடித்துக் காட்டினார். தீட்டிய பின்திரைகளும் நாடக உடைகளும் கொண்ட இவ்வண்ணப்படங்களில் ஒளிப்பட நிலையமும் பதாகையும் காலண்டரும் கலைக்கூடத்துக்குள் நுழைகின்றன. பெருவடிவப் படம் தெருவிலிருந்து வந்தது என்பதை மறைக்காமல், அதனையே பொருளாக்கிய முயற்சி இது.

கௌரி கில் 2015இல் தொடங்கிய ‘தோற்றச் செயல்கள்’ தொடர் பெயர்ச்சிக்கலை நேரே எடுத்துக்கொள்கிறது. மகாராட்டிரத்தின் ஜவ்ஹார் பகுதியில் காகிதக்கூழ் முகமூடி செய்யும் கொக்ணா, வார்லிப் பழங்குடிக் கலைஞரோடு சேர்ந்து இப்படங்கள் உருவாயின. மனித, விலங்கு, பொருள் முகமூடிகளை அணிந்து ஊரார் தம் அன்றாட இடங்களில் அமர்ந்திருக்கின்றனர். முகமூடி செய்த சுபாஷ், பகவான் தர்மா கடு சகோதரர்களின் பெயர்கள் படைப்போடு சேர்த்துக் குறிப்பிடப்படுகின்றன. காட்டப்படுபவர் தம் தோற்றத்தைத் தாமே தேர்வது என்னும் ஃபிளெக்ஸ் பதாகையின் அடிப்படை உரிமை இங்குக் கலைக்கூட நுணுக்கத்தோடு இணைகிறது. தயானிதா சிங் வேறு திசையில் சென்றார். சுவரளவுப் போட்டியைத் தவிர்த்து, மடிப்புப் புத்தகங்களையும் நகர்த்தக்கூடிய மரச் சட்டகங்களையும் தம் கண்காட்சி வடிவமாக்கிக்கொண்டார். ஒளிப்படத்தை மீண்டும் கைக்குக் கொண்டுவரும் முயற்சி அது.

சென்னையில் 2016இல் தொடங்கிய ஒளிப்பட ஈராண்டு விழா, முதல் பதிப்பிலேயே பறக்கும் ரயில் நிலையம், பூங்கா போன்ற பொதுவிடங்களைக் காட்சிக்களமாகக் கொண்டது. 2019ஆம் ஆண்டின் இரண்டாம் பதிப்பைப் புஷ்பமாலா நெறிப்படுத்தினார். சிஷோம் வடிவமைத்த சேப்பாக்கம் செனட் இல்லம் அதன் முதன்மைக் களமாயிற்று. ரயில் நிலையத்தில் படம் வைப்பது மக்களிடம் கலையைக் கொண்டுசெல்வதாகப் பாராட்டப்பட்டது. அந்நிலையத்துக்கு வெளியே நிற்கும் பதாகைகளோடு அப்படம் போட்டியிட நேர்வதும் உண்மை. விரைந்து நடக்கும் பயணி அதனையும் முப்பது மீட்டர்ப் பார்வையால் கடந்துவிடக்கூடும். பெருவடிவ வண்ணப்படத்தின் தாக்கத்துக்கு அளவைவிட நிற்பதற்கான இடமும் நேரமும் இன்றியமையாதவை என்பதால், கலைக்கூடத்தின் நான்கு சுவர்களைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை.

பெயர், மங்கல், காப்பு

பதாகையையும் கலைக்கூடப் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பெயரின் இடம் தலைகீழாவதைக் காணலாம். பதாகையில் படத்திலுள்ள அனைவருக்கும் பெயர் உண்டு. எடுத்தவருக்குப் பெயர் இல்லை, மூலையில் அச்சகத்தின் தொலைபேசி எண் மட்டும் இருக்கும். கலைக்கூடத்தில் எடுத்தவரின் பெயர் முதலில் வரும்; ஊரும் ஆண்டும் தொழில்நுட்பமும் பதிப்பெண்ணும் வரும்; படத்திலுள்ள தொழிலாளி ‘நெசவாளர்’ என்ற பொதுச்சொல்லாக நிற்பார். நெசவாளர் ஒருவர் தம்மையொத்த ஒருவரை இரண்டு மீட்டர் உயரத்தில் கண்டு முதலில் கேட்கக்கூடிய வினா “இவர் யார், எந்த ஊர்?” என்பதே. அவ்வினாவுக்கு விடைதராத பெயரட்டை, பார்வையாளருள் ஒரு பிரிவினரை வெளியே நிறுத்திவிடுகிறது. இது காட்சிப்படுத்துவோர் எளிதில் சரிசெய்யக்கூடிய குறை.

இவ்விருவகைப் படங்களின் ஆயுளும் வேறு. சாயவேதியியலால் உருவாகும் வண்ண அச்சுப்படி ஒளியில் மங்கும். பெருந்தொகைக்கு விற்பனையான படங்களும் இதற்கு விலக்கல்ல. அதனால் அருங்காட்சியகங்கள் அவற்றைக் குளிரூட்டிய இருட்டறைகளில் வைத்து, குறுகிய காலமே காட்சிக்கு எடுக்கின்றன. ஃபிளெக்ஸுக்கு விழா முடிந்த மறுநாளே ஆயுள் முடிகிறது. ஆயினும் அது கிழிவதில்லை, நனைவதில்லை. கொட்டகைக் கூரையின் ஒழுக்குக்கும், மாட்டுத்தீவனத்தின் மறைப்புக்கும், திண்ணையின் வெயில் தடுப்புக்கும் அது பயன்படுகிறது. முகம் உள்பக்கமாகத் திரும்பிய நிலையில் பல ஆண்டுகள் கிடக்கிறது.

இந்தப் படங்களை ஆய்வாளர் எங்கே சென்று காண்பது? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் தமிழக ஒளிப்பட நிலையங்களின் தொகுப்புகளைத் தேடி மின்மயமாக்கியது. அழிவுநிலை ஆவணங்களுக்கான பிரித்தானிய நூலகத் திட்டத்தின் ஆதரவு அதற்குக் கிடைத்தது. அம்முயற்சி 1880 முதல் 1980 வரையிலான நூறாண்டைத் தன் எல்லையாகக் கொண்டது. அந்நூறாண்டு பெரும்பாலும் கறுப்பு வெள்ளையின் காலம். 1980க்குப் பின் சிற்றூர் நிலையங்களிலும் வண்ணச்சுருள் பரவியது; அச்சுருள்களும் அச்சுப்படிகளும் வெள்ளி சார்ந்த பழைய படங்களைவிட விரைந்து நிறமிழப்பவை. நிலைய உரிமையாளர்கள் எண்மக் கருவிக்கு மாறியபோது இடம்போதாமையால் பழைய சுருள்கள் கழிக்கப்படலாயின. ஃபிளெக்ஸ் அச்சகங்களின் கணினிகளில் உள்ள கோப்புகளோ வட்டு நிறைந்தவுடன் அழிக்கப்படுகின்றன. சேலத்தில் வண்ணத் திரைப்படம் பிறந்த 1956இலிருந்து கணக்கிட்டால், அம்மாவட்டத்து மக்கள் தம்மைத் தாமே வண்ணத்தில் பெரிதாகக் கண்ட காலம் கடந்த நாற்பது ஆண்டுகளே. ஆவணக்காப்பகம் எதிலும் அக்காலம் முறையாகத் திரட்டப்படவில்லை. அதன் அச்சுப்படிகள் ஆண்டுதோறும் மங்கிக்கொண்டிருக்கின்றன.